சப்மிஷன்பப்ளிஷர்: நல்ல பொருள்தான், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போகிறது

மலேசியாவின் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் என் ஜாவா நிரல் வெகுகாலமாக ஓடுகிறது. அதை அறிந்த ஈப்போ நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஒரே தரவோடையை மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் கொடுக்க சப்மிஷன்பப்ளிஷரை நம்பலாமா?” ஒரே தரவைப் பல பெறுநர்களுக்கு அனுப்ப ஜாவாவிலேயே இருக்கும் வகுப்பு அது.

மற்ற வழிகளை அவரே பார்த்துவிட்டார். ஜாவாவின் ஸ்ட்ரீம் என்ற தரவோடையை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். மறுபடி கைவைத்தால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் என்ற பிழை. இணை ஸ்ட்ரீம் வேலையைப் பங்கு போடுமே தவிர, எல்லாவற்றையும் எல்லாருக்கும் தராது. பிளாக்கிங்க்யூ என்ற காத்திருப்பு வரிசையில் ஒருவர் எடுத்தது அடுத்தவருக்கு இல்லை. ஒரு ஸ்ட்ரீமை இரண்டு சேகரிப்பான்களுக்குக் கொடுக்க ஜாவா 12இல் வந்த டீயிங் இரண்டு பேரோடு நின்றுவிடும்; முடிவில்லாத ஓடைக்கு அது உதவவும் உதவாது.

குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறியதும் எடைக்கருவி விடாமல் எண்களை அனுப்பும். அதே எண்கள் தரவுத்தளத்துக்கும், வெளியே ஓட்டுநர் பார்க்கும் பலகைக்கும், பாரம் மீறினால் மணி அடிக்கும் பகுதிக்கும் போயாக வேண்டும். 2017இல் ஜாவா 9உடன் வந்த இந்த வகுப்பு அதற்கென்றே செய்தது போல் பொருந்தியது. ஒவ்வொரு பெறுநருக்கும் தனி இடையகம், அதாவது எண்கள் காத்திருக்கும் இடம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் கொள்ளளவு 256. தரவுத்தளம் சற்றுத் திணறினாலும் பலகை தன் பாட்டுக்கு ஓடும். ஒருவருடைய இடையகம் நிரம்பிவிட்டால் மட்டும், எண்ணை அனுப்பும் சப்மிட் அங்கேயே நின்றுவிடும், எல்லாரும் காத்திருக்க வேண்டும். அது பிடிக்காதவருக்கு ஆஃபர் இருக்கிறது: இவ்வளவு நேரம் பார், முடியாவிட்டால் விட்டுவிடு என்று சொல்லலாம். யாருக்கு எது தவறியது என்பதையும் அது நம்மிடம் தெரிவிக்கும். பலகைக்கு ஓர் எண் தவறினால் நட்டமில்லை, தரவுத்தளத்துக்குத் தவறக்கூடாது என்று ஆள் பார்த்து முடிவெடுக்கலாம். மழை வந்தால் இணையம் படுத்துவிடும் ஆலை அலுவலகத்தில், வெளியிலிருந்து ஒரு நூலகமும் இறக்காமல் இத்தனையும் கிடைப்பது சாதாரணமில்லை.

இனி என் கோபம். எடைக்கருவி பழுதாகி, பழுதுபார்த்தவர் வேறொன்றை மாட்டிவிட்டுப் போனார். புதியது பாரம் மீறினால் எண்ணுக்குப் பதில் இரண்டு எழுத்துகளை அனுப்பும் ரகம். மணி அடிக்கும் பெறுநர் அதை எண்ணாக மாற்றப் பார்த்தது, விதிவிலக்கு (எக்ஸெப்ஷன்) எழுந்தது. அந்த நொடியே சப்மிஷன்பப்ளிஷர் அதன் சந்தாவை ரத்து செய்துவிட்டது. நிரலின் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. பலகை எண்களைக் காட்டிக்கொண்டே இருந்தது, தரவுத்தளமும் நிரம்பிக்கொண்டிருந்தது. பாரம் மீறினால் கத்த வேண்டியது எதுவோ, பாரம் மீறியதாலேயே வாயடைத்துப் போயிற்று! கடைசியில் அலுவலக எழுத்தரான கிராணிதான் கேட்டார்: “என்ன அண்ணே, மணிச் சத்தத்தையே காணோம்?”

ஆவணத்தில் இது எழுதியிருக்கிறது என்பார்கள். எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. பெறுநர் ஒவ்வொரு எண்ணையும் வாங்கும் ஆன்நெக்ஸ்டில் எழும் பிழையைப் பிடிக்க, வகுப்பை உருவாக்கும்போதே ஒரு கையாளியை மூன்றாவது அளவுருவாகக் கொடுக்கலாம். கொடுக்காதவருக்கு மௌனம்தான் இயல்புநிலை என்று முடிவு செய்தது யார்? போதாக்குறைக்கு, எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் எஸ்டிமேட்மேக்ஸிமம்லேக், இருக்கும் பெறுநர்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். விழுந்தவர் கணக்கிலேயே இல்லாததால் எண் முன்பைவிட அழகாகத் தெரிந்தது. இப்போது கையாளியையும் கொடுத்திருக்கிறேன். பெறுநர் எண்ணிக்கை மூன்றுக்குக் குறைந்தால் கூச்சல் போடத் தனியாக ஓர் இழையும் (திரெட்) வைத்திருக்கிறேன். மணிக்கு ஒரு மணி!

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். பெறுநருக்கு ஒரு அர்ரேபிளாக்கிங்க்யூ (அளவு வரையறுத்த வரிசை), ஒரு இழை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஜாவா 21 இருந்தால் மெய்நிகர் இழையே போதும். அதில் ஒன்று விழுந்தால் திரையில் பிழை வரிகளாவது கொட்டும். எங்கள் மேடையில் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதீர்கள். அங்கே சப்மிஷன்பப்ளிஷரேதான் இருக்கும், மாற்றுவதாக இல்லை.