எஞ்சின் அறைக்குள் ஈயமும் செம்பும்: பல வருடம் கழித்து ஒரு விமர்சனம்

விமான மாடலில் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஈயக் கம்பிதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கையில் எடுத்த உடனே இதை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள் என்று தெரிந்துவிடும். விரல் நகத்தால் லேசாக அழுத்தினாலே வளைகிறது, வளைந்த இடத்திலேயே நிற்கிறது, திரும்ப நிமிர்ந்து முகத்தில் அடிப்பதில்லை. ஆனால் மாடல் கட்டி முடித்த வாரத்தில் எழுதுகிற விமர்சனம் வேறு, அதே மாடல் அலமாரியில் பல வருடம் உட்கார்ந்த பிறகு எழுதுகிற விமர்சனம் வேறு. இது இரண்டாவது வகை.

ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இரண்டாம் உலகப் போர் விமானங்களின் இரண்டு மாடல்கள் இருக்கின்றன. ஒன்று 1/32 அளவில் (அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 9. உள்ளே மெர்லின் எஞ்சின்: 60 டிகிரி வி-12 (வி வடிவில் இரண்டு வரிசையாக 12 சிலிண்டர்), 27 லிட்டர், சிலிண்டருக்கு இரண்டு வீதம் 24 ஸ்பார்க் பிளக். இன்னொன்று 1/48 அளவில் பி-47 தண்டர்போல்ட். அதில் பிராட் அண்ட் விட்னி ஆர்-2800, இரண்டு வரிசையில் 18 சிலிண்டர், 36 பிளக், அது போக வால்வு தள்ளுதண்டுகளை மூடும் குழாய்கள் இன்னொரு 36. கிட் (பாகங்களாக வரும் மாடல் பெட்டி) எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சிலிண்டர், கிராங்க்கேஸ் வரைக்கும் ஒழுங்காகக் கொடுத்துவிடும். பிளக் ஒயர், எண்ணெய்க் குழாய், கூலன்ட் ஹோஸ், கிளாம்ப், பிராக்கெட் என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரித்துவிடும். அதையெல்லாம் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். அதில் முக்கால்வாசி வேலை கம்பி வேலை.

எந்தக் கம்பி என்பதற்கு முன்னால் எவ்வளவு தடிமன் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் எஞ்சின் அறை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். பிளக்குக்குப் போகும் உறையிட்ட கேபிள் அசலில் 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1/32இல் அது 0.3 மி.மீ., 1/48இல் 0.2 மி.மீ., 1/72இல் 0.14 மி.மீ. கையில் இருக்கிறதே என்று 0.5 மி.மீ. கம்பியை 1/48 எஞ்சினில் இழுத்தால் அசல் கணக்கில் 24 மி.மீ. ஆகிவிடும். அது பிளக் ஒயர் இல்லை, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய். 1/72இல் 0.1 மி.மீ. கம்பியை விட்டால் வேறு வழியே இல்லை. ஆகவே நான் கம்பி வாங்கும்போது முதலில் பார்ப்பது விட்டத்தைத்தான், உலோகத்தை அப்புறம்தான்.

சரி, ஈயத்துக்கு வருவோம். இரண்டு மாடலிலும் பிளக் ஒயர்கள் ஒரே சுருளில் இருந்து வெட்டிய ஈயக் கம்பி. தண்டர்போல்ட் அக்ரிலிக் பெட்டிக்குள் இருக்கிறது, ஸ்பிட்ஃபயர் பிளைவுட் அலமாரியில் இருந்தது. தண்டர்போல்ட்டில் இன்று வரை ஒரு குறையும் இல்லை. ஸ்பிட்ஃபயரில், மேக்னெட்டோவுக்கு (பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி) பக்கத்தில் ஒயர்கள் கூடும் இடத்தில், ஈரச் சுவரில் உப்புப் பூப்பது மாதிரி வெள்ளைப் பொடி கிளம்பியிருந்தது. பெயின்ட்டைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெயின்ட் ஓடு மட்டும் குழாய் மாதிரி நிற்க, உள்ளே இருந்த கம்பி பாதிக்கு மேல் பொடியாகிவிட்டது. இடுக்கியால் தொட்டதும் உதிர்ந்தது.

காரணம் புதிரெல்லாம் இல்லை. பழைய ஈயப் பொம்மைச் சிப்பாய்களைச் சேகரிப்பவர்களுக்கும், கப்பல் மாடலில் ஈய உதிரிகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த நோய். மரம், குறிப்பாக ஓக், அப்புறம் பிளைவுட், எம்.டி.எஃப். மாதிரியான பலகைகள் எல்லாம் மெதுவாக அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையில் வினிகர் வாடை வருமே, அதுவும் அசிட்டிக் அமிலம்தான். அந்த ஆவி ஈயத்தோடு சேர்ந்து ஈய அசிட்டேட் ஆகிறது, காற்றில் இருக்கும் கரியமில வாயு அதை வெள்ளையான ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. மாற்றும்போது அமிலம் திரும்ப வெளியே வந்துவிடுவதால் அதே அமிலம் அடுத்த துளி ஈயத்தைத் தின்னப் போகிறது. மூடிய அலமாரியில் இது தானாக ஓடிக்கொண்டே இருக்கும். பிரைமர் தடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். தள்ளிப்போடும், அவ்வளவுதான். கம்பியின் வெட்டுமுனையிலும், வளைத்ததால் பெயின்ட்டில் விழுந்த நுண்ணிய வெடிப்பிலும் ஆவி நுழைந்துவிடும்.

ஈயம் விஷம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கக் கூடாது, உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கக் கூடாது, வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். அந்த வெள்ளைப் பொடியை வாயால் ஊதித் தள்ளவே கூடாது. ஈரத் தூரிகையில் ஒற்றி எடுத்து, பையில் போட்டு மூடிவிடுங்கள்.

ஸ்பிட்ஃபயரில் உதிர்ந்த இடத்தை நான் செம்பில்தான் மறுபடி செய்தேன். செம்புக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் சாதாரண 7/0.2 ஒயரை உரித்தால் உள்ளே 0.2 மி.மீ. இழைகள் ஏழு கிடைக்கும். பழைய மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் இன்னும் மெல்லியவை இருக்கும். பிரச்சினை அதன் குணம். செம்பு வளைக்க வளைக்க விறைக்கும். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி வளைத்தால் கம்பி முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஒடியும். இதற்கு வழி இருக்கிறது. சுருளில் இருந்து எடுத்த கம்பியை நெருப்பில் செக்கச் சிவக்கக் காட்டி எடுத்தால் மேலே இருக்கும் வார்னிஷ் எரிந்து போய்விடும், உலோகமும் மெழுகாக இளகிவிடும். மெல்லிய கம்பி என்றால் ஜ்வாலையை ஒரு நொடி தடவினால் போதும், கொஞ்சம் கூடினாலும் உருகித் துளியாகிவிடும். அப்புறம் ஸ்டீல் ஸ்கேலுக்கு அடியில் வைத்து ஒரே ஒரு தடவை உருட்டினால் நேராகிவிடும். உருட்டுவதும் விறைக்க வைக்கும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

இழைகளை முறுக்கினால் செம்பு இன்னொரு நன்மை செய்யும். 0.1 மி.மீ. இழை மூன்றை ஒரு முனையில் வைஸிலும் மறு முனையில் பின் வைஸிலும் (கையில் பிடித்துச் சுழற்றும் குட்டி வைஸ்) கட்டிச் சுழற்றினால் உலோகப் பின்னல் போட்ட ஹோஸ் அப்படியே வந்துவிடும். மங்கலான அலுமினிய நிறம் அடித்து, கறுப்பு வாஷ் (தண்ணீராக நீர்த்த பெயின்ட்) ஓட விட்டால் போதும். ஈயத்தில் முறுக்கினால் இந்தக் கூர்மை வராது, பள்ளமெல்லாம் நசுங்கிவிடும்.

செம்புக்கும் ஈயத்துக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்றால் ஈயம் கலக்காத சால்டர் கம்பி. கிட்டத்தட்ட முழுக்க வெள்ளீயம் (டின்) என்பதால் பொடிந்து போவதில்லை, செம்பைவிட மெத்தென்று வளைகிறது. 0.5 மி.மீ.க்குக் கீழே எளிதில் கிடைக்காது என்பதுதான் குறை. அதனால் பிளக் ஒயருக்கு உதவாது. ஆனால் எண்ணெய், கூலன்ட் குழாய்களுக்கு இப்போது இதைத்தான் எடுக்கிறேன். நடுவில் ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பிசின்) இருப்பதால் வெட்டுமுகத்தில் சின்ன ஓட்டை தெரியும். திறந்திருக்கும் குழாய் முனையைக் காட்ட வேண்டிய இடத்தில் அது வசதியாகக்கூடப் போய்விடுகிறது.

நீளும் நூல் பற்றி ஒரு வரி. ஏரியல் கம்பிக்கு அருமை, எஞ்சின் அறைக்கு வேண்டாம், ஏனென்றால் அதற்கு நேர்கோட்டில் போக மட்டுமே தெரியும்.

இவ்வளவு பொருளில் வயதாகியும் எந்தச் சிக்கலும் கொடுக்காதது எது தெரியுமா? கிட்டோடு சும்மா வரும் ஸ்ப்ரூவை (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்த பிளாஸ்டிக் இழை. தண்டர்போல்ட்டின் தள்ளுதண்டுக் குழாய்கள் எல்லாமே அதுதான். காரணம் இழையில் இல்லை, ஒட்டில் இருக்கிறது. உலோகக் கம்பியை பிளாஸ்டிக்கில் ஒட்ட சூப்பர் க்ளூதான் கதி. அந்த ஒட்டு இழுவையைத் தாங்கினாலும் அதிர்ச்சியைத் தாங்காது, வயதாக ஆகக் கண்ணாடி மாதிரி உடையும் குணம் வந்துவிடும். பிளாஸ்டிக் இழையை மெல்லிய சிமென்டால் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவப் பசை) ஒட்டினால் இரண்டும் கரைந்து ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. பிரிய அங்கே ஒட்டு என்று தனியாக ஒன்று இல்லை. நேரான, விறைப்பான குழாய்க்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. வளைவுக்கு மட்டும் இது சரிப்படாது, மேசை விளக்கின் சூட்டுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. சிமென்டைத் தூரிகை நுனியில் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் மெல்லிய இழை கண்முன்னே கரைந்துபோகும்.

சூப்பர் க்ளூவைத் தவிர்க்க முடியாத இடத்தில் நான் அதை நம்பி விடுவதில்லை. கம்பியின் இரண்டு முனைக்கும் துளை போட்டு, குறைந்தது 1 மி.மீ. உள்ளே போகும்படி செய்துவிடுகிறேன். ஒட்டு விட்டாலும் கம்பி இடத்தில் நிற்கும். 0.3 மி.மீ. துளைக்கு, சர்க்யூட் போர்டு போடுபவர்கள் பயன்படுத்தும் கார்பைடு பிட் மலிவு, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், ஆனால் கை ஒரு மயிரிழை பக்கவாட்டில் சாய்ந்தாலும் ஒடிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். கையால் போடுவதற்கு சாதாரண ஹை-ஸ்பீட் ஸ்டீல் பிட்டே பாதுகாப்பு, அது வளைந்து எச்சரிக்கும். எங்கும் தொங்காத, எதையும் தாங்காத குட்டி ஒயர்களுக்கு ஒட்டே வேண்டாம், ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ் போதும். வேண்டாமென்றால் பிய்த்துக்கொள்ளலாம்.

கெட்டியான உலோகக் குழாய்க்கு ஊசிமருந்து ஊசிகளை முயன்று பார்த்தேன். 25 கேஜ் ஊசி வெளிவிட்டம் 0.5 மி.மீ., 30 கேஜ் 0.3 மி.மீ. நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் சுழல் வட்டு இல்லாமல் வெட்டவும் முடியாது, வளைக்கவும் முடியாது. பிளக்கின் உடலுக்கு இரண்டு மில்லிமீட்டர் துண்டு நறுக்க மட்டும் பயன்படுத்துகிறேன். பித்தளைக் குட்டிக் குழாய் கிடைக்கும்போது அதற்கும் அவசியமில்லை.

கிளாம்ப் விஷயத்தில் பலர் அமிலத்தில் அரித்து எடுத்த உலோகத் தகட்டுத் துண்டுகளைத் தேடி ஓடுகிறார்கள். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, புது பிளேடால் அரை மில்லிமீட்டர் பட்டையாக நறுக்கி, ஹோஸைச் சுற்றி ஒரு சுற்று விட்டால் 1/48க்கு அது ஏற்கெனவே கிளாம்ப்தான். சுற்றின முனையில் வார்னிஷ் தொட்டுவைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் டேப்பின் பசை காய்ந்து எழும்பிவிடும். என்னிடம் வார்னிஷ் தொட்டவை இன்னும் அப்படியே இருக்கின்றன.

எஞ்சின் அறையை நிரப்பிக்கொண்டே போகிறவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: மூடி மூடுமா? அசல் விமானத்தில் மூடித் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன். கிட்டிலும் அதே ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் 1/48இல் அது 48 மி.மீ. எஃகுக் கவசத்துக்குச் சமம். அந்தத் தடிமன் முழுக்க எஞ்சினுக்கு உரிய இடத்தில் இருந்து பிடுங்கப்பட்டது. அதனால் எஞ்சினைச் சரியான அளவில் கட்டி, ஒயரையும் சரியான அளவில் இழுத்தால்கூட மூடி உட்காராது. மூடியின் உட்புறத்தைச் சுரண்டி மெல்லியதாக்கலாம், அல்லது ஒரு பக்கத்தை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டு மறுபக்கம் ஒயரே இழுக்காமல் மூடிவிடலாம். நான் இரண்டாவது கட்சி. மூடிய பக்கத்தில் யாரும் பார்க்காத 18 ஒயரை இழுப்பதில் எனக்குப் பெருமை இல்லை. அதைப் பெருமையாகச் செய்கிற நண்பர்களோடு சண்டையும் இல்லை.

படம் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றும் பறக்கும் பழைய விமானங்களின் புகைப்படம்தான் சுலபமாகவும் தெளிவாகவும் கிடைக்கும். அவற்றில் இருக்கும் ஹோஸ், கிளாம்ப், ஒயர் பலவும் இன்றைய பாதுகாப்புக்காக மாற்றியவை. பளபளக்கும் ஸ்டீல் பின்னலும் நீலம் சிவப்பு இணைப்புகளும் 1944இன் எஞ்சினில் வந்துவிடக் கூடாது. போர்க்காலப் பராமரிப்புக் கையேடுகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் மங்கலாக இருந்தாலும் அவற்றில்தான் குழாய் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது நேர்மையாக இருக்கும்.

மேசையில் இப்போது இருப்பது மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் டிபி 605 எஞ்சின். தலைகீழ் வி-12, 35.7 லிட்டர், கார்புரேட்டர் கிடையாது. பம்பில் இருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக எரிபொருள் குழாய், ஆக மொத்தம் 12. அவை அதிக அழுத்தம் தாங்கும் உலோகக் குழாய்கள் என்பதால் தொய்வே இருக்காது, வளைவுகள் ஒரே சீராக, இணையாக ஓடும். ஈயம் இங்கே முதலிலேயே விலகிவிட்டது, அதன் மென்மையே எதிரி. 0.2 மி.மீ. செம்பை இளக்கி, ஒரு குண்டூசிமேல் சுற்றி எல்லாவற்றையும் ஒரே வளைவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிளக் ஒயர்களுக்கும் இந்தமுறை அதே செம்புதான், அலமாரி மட்டும் அக்ரிலிக்.