நெப்ராஸ்காவின் நிலப்பட்டா ஆவணத் தளம்: மூதாதையரைத் தேடுவோருக்கான மதிப்பீடு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெப்ராஸ்காவில் குடியேறிய விவசாயக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் பொது நில அலுவலக ஆவணத் தளத்தைத்தான். இதற்குக் கட்டணம் இல்லை. மாநிலம், கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உட்பிரிவு), குடும்பப் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடினால், கூட்டாட்சி அரசு அந்தப் பெயருக்கு வழங்கிய நிலப்பட்டாவின் படத்தைப் பார்க்க முடிகிறது.

நிலத்தின் அமைவிடக் குறிப்பே இத்தளத்தின் பெரும்பயன். குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலத்தை வழங்கிய ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே விண்ணப்பித்த டேனியல் ஃப்ரீமனின் நிலம், நான்காம் வடக்கு டவுன்ஷிப், ஐந்தாம் கிழக்கு ரேஞ்ச், 26ஆம் செக்‌ஷன் என்று குறிக்கப்பட்டுள்ளது. டவுன்ஷிப் ஒவ்வொன்றும் ஆறு மைல் சதுரம்; அதை ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்த துண்டுகளே செக்‌ஷன்கள். ரேஞ்ச் என்பது கிழக்கு மேற்காக டவுன்ஷிப்பின் இடத்தைக் குறிக்கும் எண். வடக்கு நோக்கிய எண்ணிக்கை கான்சாஸ் எல்லையில் தொடங்குகிறது. ஆகவே அந்த நிலம் எல்லையிலிருந்து 18 முதல் 24 மைலுக்குள் இருந்தது என்பதை, வரைபடத்தைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

ஆனால் பட்டாவோடு தேடலை நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு. அதிலுள்ள குடியரசுத் தலைவரின் பெயரைக் கண்டு அவரே கையொப்பமிட்டதாகப் பல குடும்பங்கள் பெருமைப்படுகின்றன. 1833ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு, அவர் சார்பில் செயலர்களே அதனை எழுதினார்கள். 160 ஏக்கரைப் பெற ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட வேண்டும் என்பது 1862ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின் நிபந்தனை. அந்த ஐந்து ஆண்டு வாழ்க்கையைப் பற்றிப் பட்டாவில் எதுவும் இல்லை.

அது இருப்பது தேசிய ஆவணக் காப்பகத்தின் நிலப்பதிவுக் கோப்பில். வீடு எப்போது கட்டப்பட்டது, எத்தனை ஏக்கர் உழப்பட்டது, கிணறு உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர், இடையில் ஊரைவிட்டுப் போனதுண்டா என்று அதிகாரி கேட்ட கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் சொன்ன விடைகளும், அவற்றை உறுதிசெய்து சாட்சி சொன்ன அண்டை வீட்டார் இருவரின் பெயர்களும் அதில் கிடைக்கும். வெளிநாட்டில் பிறந்தவராயின் குடியுரிமைச் சான்றும் சேர்ந்திருக்கும். குடும்பத் தலைவியாக, அல்லது 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணாகத் தம் பெயரிலேயே நிலம் கோரியவர்களின் குரலை இவ்வளவு நேரடியாகக் கேட்க வேறு இடம் அரிது. நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள் மின்னுருவாக்கப்பட்டிருப்பது இம்மாநில ஆய்வாளர்களின் நற்பேறு. பட்டாவிலுள்ள நில அலுவலகப் பெயரும் சான்றிதழ் எண்ணும் கோப்பைக் கண்டுபிடிக்கும் திறவுகோல்கள்.

தளத்தில் பெயர் இல்லையென்றால், அந்தக் குடும்பம் அங்கு வாழவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. வறட்சியாலோ வெட்டுக்கிளிகளாலோ நொடித்துப்போய், ஐந்து ஆண்டு நிறையுமுன் நிலத்தைக் கைவிட்டவர்களுக்குப் பட்டா இல்லை. ஆயினும் அவர்களுடைய கோப்புகள் காப்பகத்தில் இருக்கக்கூடும். யூனியன் பசிபிக் ரயில்வேக்கு அரசு வழங்கிய செக்‌ஷன்களை அந்நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியவர்களும் இங்கே அகப்படமாட்டார்கள். அவர்களைக் கவுன்ட்டி அலுவலகத்தின் கிரயப் பத்திரப் பதிவேட்டில் தேட வேண்டும். பவ்னி, ஓட்டோ, ஓமாஹா ஆகிய பூர்வகுடி மக்கள் ஒப்பந்தங்களின் வழியே இழந்த மண்தான் பின்னர் இந்தப் பட்டாக்களாகப் பிரிந்தது. தம் குடும்ப நிலத்தின் கதையை முழுமையாக எழுத விரும்புவோர் அந்த ஒப்பந்தங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.