திரும்பத் திரும்ப வரும் படர்தாமரை: இரண்டு மாத்திரையா, மாத்திரையும் களிம்புமா?

தொடையிடுக்கிலும் இடுப்பு மடிப்பிலும் படர்தாமரை அடங்கி, மருந்தை நிறுத்திய சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி வளையம் போட்டால், ஒரு மருந்து போதாது, கூட்டு மருந்து வேண்டும் என்ற பேச்சு வரும்.

க்ளோபெட்டாசால், மைக்கோனசோல், நியோமைசின் கலந்த ட்யூபை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்குவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். இடுக்கில் தோல் மெலிந்து விழும் வரிகள் பிறகு முழுதாக மறைவதில்லை.

மிச்சம் இரண்டு வழிகள். டெர்பினாஃபின் 250 மி.கி., இட்ராகோனசோல் இரண்டையும் சேர்த்து விழுங்குவது ஒன்று. பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் தயாராகும் பாதையில் இரண்டும் வெவ்வேறு படிகளை அடைக்கின்றன. கணக்கு சரிதான். ஆனால் இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை (2020-ல் இப்பெயர் பெற்றது) பல நேரங்களில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியின் மரபணு மாறிய வகை. டெர்பினாஃபின் பிடிக்கும் இடமே அந்த நொதிதான். அங்கே பிடி நழுவினால் கூடச் சேர்த்த டெர்பினாஃபின் கல்லீரலுக்குச் சுமை மட்டுமே. சிலருக்கு இந்த ஜோடி கைகொடுத்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. எல்லோருக்கும் முதல் மருந்தாக்க அது போதாது.

என் சாய்வு மற்றதன் பக்கம்: உள்ளுக்கு இட்ராகோனசோல், மேலுக்கு வேறு குடும்பத்துக் களிம்பு. லூலிகோனசோல் நல்ல களிம்புதான், ஆனால் அதுவும் இட்ராகோனசோல் போல அசோல் குடும்பம். இட்ராகோனசோல் அடைக்கும் அதே படியைத்தான் அடைக்கும். சைக்ளோபிராக்ஸ் களிம்போ பூஞ்சைக்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து வேறு வழியில் தாக்கும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். வளையத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவ வேண்டும்.

இந்தக் கூட்டு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் வயிற்றில்தான். இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கரைய அமிலம் வேண்டும். அதனால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும். பலரோ காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், கூடவே இதையும் விழுங்குகிறார்கள். மருந்துச் சீட்டிலேயே ‘கேஸ் மாத்திரை’ சேர்ந்து வருவதும் உண்டு. அமிலம் வற்றிய வயிற்றில் கேப்ஸ்யூல் சரியாகக் கரையாது. ரத்தத்தில் மருந்து ஏறாது. ‘இட்ராவும் கேட்கவில்லை’ என்று அடுத்த மருந்துக்குத் தாவுவார்கள். புளிப்பு ஏப்பத்துக்கு ஜெலூசில் குடித்தாலும் கேப்ஸ்யூலுக்கு முன் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பிறகு என்றால் இரண்டு மணி நேரம். பான்டோப்ரசோலின் வேலை நாள் முழுக்க நீடிப்பதால் நேரம் மாற்றிப் போட்டும் தப்ப முடியாது. அதை நிறுத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதே வழி. திரவ இட்ராகோனசோலுக்கு விதி நேர் எதிர்: அதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் எடுப்பவர்களுக்கும் இட்ராகோனசோல் கூடாது. கர்ப்பிணிகளுக்கு மேலே சொன்ன இரண்டு வழிகளுமே இல்லை.

அரிப்பு நிற்கும் நாள் மருந்து நிறுத்தும் நாள் அல்ல. ஓரத்துச் செதிலும் மேடும் மறைந்த பிறகும் இரண்டு வாரம் களிம்பு தொடர வேண்டும். கடைசியில் நிற்கும் பழுப்புத் தழும்பில் பூஞ்சை இல்லை. அது மங்க மாதங்கள் ஆகும், அதற்காக மாத்திரையை நீட்ட வேண்டாம்.