அளந்து பார்க்காமலே ‘பிரஷர் கம்மி’ என்றார்கள், நாங்களும் நம்பிக் கொடுத்தோம்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, மகாராஜநகர் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். வீட்டில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். 4,850 ரூபாய் போனது ஒரு பக்கம். பச்சை உடம்புக்காரியையும் 28 நாள் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு பெரிது.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நம் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வென்னி தேவைப்படாது, குழாயைத் திறந்தாலே சூடாகத்தான் வரும். ஆனால் பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் பொழுது விடிந்தால் வென்னிதான். கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டக் கூடாது என்று தெரிந்துதான், அடுக்களைக்கும் பாத்ரூமுக்கும் இடையில் இருக்கிற நடையில் மாட்டியிருந்தோம். அடுப்புக்குப் போகிற அதே சிலிண்டரிலிருந்து செம்புக் குழாய் இழுத்து, தனி வால்வு வைத்தது. இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒருநாள் காலையில் குழாயைத் திறந்தால் ‘டக் டக்’ என்று பொறி அடிக்கிறது, பற்றுகிறது, அரை நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது. மருமகன் போனில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் பேசினார். கம்பெனி பெயரைச் சொல்லித்தான் எடுத்தார்கள். மதியத்துக்குள் இரண்டு பேர் பைக்கில் வந்துவிட்டார்கள். அவர்கள் கம்பெனி ஆட்களே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எங்க வீட்டில் அவுக பேங்குக்குப் போயிருந்த நேரம். வந்தவர்களில் மூத்தவர் கீசரைத் திறந்து பார்த்தார், மூடினார். அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னார். “பாருங்கக்கா, தீ எவ்ளோ குட்டையா நிக்கி. கேஸ் பிரஷர் கம்மியா இருக்கு. அதான் கீசர் நிக்க மாட்டேங்கு. ரெகுலேட்டர் போயிட்டு” என்றார். சிலிண்டர் மாற்றி 9 நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலையில்தான் அதே அடுப்பில் இட்லி அவித்திருந்தேன், தீயில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வேலை தெரிந்தவர் சொல்கிறார் என்று வாயை மூடிக்கொண்டேன். அழுத்தம் குறைவு என்று சொல்கிறவர் எதை வைத்து அளந்தார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அவர்கள் பையில் ஸ்பேனரும் டேப்பும் தவிர ஒன்றும் இல்லை.

பழைய ரெகுலேட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, திருகுகிற பிடி வைத்த வேறொன்றை மாட்டினார்கள். “ஹை பிரஷர், இனி பிரச்சினையே வராது” என்றார்கள். அடுப்பிலும் கீசரிலும் கேஸ் பாய்கிற சின்னத் துளை வைத்த பித்தளை ஜெட்டைக் கழற்றி ஊசியை விட்டுக் குடைந்தார்கள். அப்புறம், “மோட்டாரைப் போடுங்கக்கா, தொட்டி நிறையட்டும், டெஸ்ட் பண்ணிக் காட்டுதோம்” என்றார்கள். போட்டேன். தொட்டி நிறைந்து வழிந்த பிறகு குழாயைத் திறந்தார்கள். கீசர் ‘புஸ்’ஸென்று பற்றி நின்றது. கொதிக்கக் கொதிக்க வென்னி வந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: வந்ததற்கு 350, ரெகுலேட்டர் 1,850, டியூப் 650, ‘பிரஷர் செட்டிங்’ 1,200, ஜெட் சுத்தம் 800. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பணம் போனில் அனுப்பியபோது வந்த பெயர் ஏதோ ஒரு தனி ஆளுடையது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் இடையிடையே அணைய ஆரம்பித்தது. நம்பருக்கு அடித்தால் எடுக்கவில்லை. அணையாத நேரத்தில் அது எரிகிற சத்தமே வேறு மாதிரி இருந்தது, உறுமுகிற மாதிரி. அடுப்பில் பால் சட்டியின் அடி கறுத்தது. நாலாம் நாள் மகள் குளித்துவிட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தலை கிர்ருனு சுத்துதும்மா, குமட்டிக்கிட்டு வருது” என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, சாப்பாடு போதவில்லை என்று நினைத்து ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

மறுநாள் பிள்ளைக்கு வாளியில் வென்னி பிடித்துக்கொண்டு அந்த நடையில் நான் நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். எனக்கும் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. புறவாசலுக்குப் போய் உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அவளுக்குத் தலைசுற்றல், எனக்குத் தலைவலி, அதுவும் கீசர் எரியும்போது அந்தப் பக்கம் இருந்தால் மட்டும். அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கீசருக்கு மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. உள்ளே நீலமாக இருக்க வேண்டிய தீ மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. சாரல் அடிக்கிறது என்று நடையின் வெண்டிலேட்டரை நாங்களே பாலித்தீன் தாள் வைத்து அடைத்திருந்தோம். அது எங்கள் தப்பு, மறைக்க மாட்டேன்.

ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடவுள் புண்ணியத்தில் பிள்ளைக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் கேஸ் கீசர் இருக்கா?” என்பதுதான்.

காரணத்தை அவர்தான் விளக்கினார். கேஸ் சரியாக எரியக் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சிலிண்டர் கசிந்தால் நமக்கு வருகிற வாடை அதற்கென்று கலந்த மருந்தின் வாடை, அது தீயில் எரிந்துபோகும். அதனால் இந்த விஷத்தை மூக்கு காட்டிக்கொடுக்காது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்ளுமாம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் மயக்கம். குளிக்கப் போனவர் கதவைத் திறக்காமலே போய்விட்டார் என்று செய்தியில் படிக்கிறோமே, அதில் பல இந்த வகைதான்.

அடுத்து கேஸ் ஏஜென்சிக்குப் போனோம். அங்கே ரெகுலேட்டரின் போட்டோவைப் பார்த்ததுமே, “இதை யார் மாட்டினது? இது வீட்டு சிலிண்டரில் மாட்டக் கூடாதது” என்றார்கள். வீட்டு ரெகுலேட்டர் நமக்குச் சொந்தமே இல்லை, டெபாசிட் வாங்கிக்கொண்டு எண்ணெய் நிறுவனம் நம்மிடம் கொடுத்து வைத்திருப்பது. பழுதானால் ஏஜென்சிதான் மாற்றித் தரும். அதில் திருகிக் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் கிடையாது, திறப்பது மூடுவது மட்டும்தான். அப்படியிருக்க, 1,200 ரூபாய்க்கு அவர்கள் எதை ‘செட்டிங்’ செய்தார்கள்? எங்கள் ரெகுலேட்டர் அவர்கள் பையோடு போய்விட்டதால், அதற்கும் பணம் கட்டித்தான் வேறு வாங்கினோம்.

கீசரைப் பார்க்க, டவுனில் அல்வாக் கடை அடுப்புகளுக்கு வேலை செய்கிற ஒரு அண்ணாச்சியை அவுக கூட்டிவந்தார்கள். எழுபது வயது இருக்கும். அவர் கொண்டுவந்த சாமானைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மரப்பலகை. அதில் கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூபை ‘ப’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் அப்படியே எழுதின மாதிரி, இரண்டு கையும் மேலே நிற்க வளைத்து அடித்திருந்தார். நடுவில் இஞ்சி டேப் துண்டு ஒட்டியிருந்தது. “சொட்டு நீலம் இருக்கா தங்கச்சி?” என்று கேட்டு வாங்கி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, பாதி டியூபுக்கு ஊற்றினார். இரண்டு பக்கமும் நீலத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது.

“ஜன்னலெல்லாம் திறங்க. சுவிட்ச் எதையும் தொடாதீங்க” என்றார். அடுப்பிலிருந்து ரப்பர் டியூபைக் கழற்றிப் பலகையின் ஒரு முனையில் செருகினார். அவர்கள் வைத்துவிட்டுப் போன ரெகுலேட்டரில் கையை வைத்துக்கொண்டே மயிரிழை அளவு திறந்தார். நீலத் தண்ணீர் மொத்தமும் மறு முனை வழியாகச் சீறிப் போய்ச் சுவரில் அடித்தது. டக்கென்று மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “பிள்ளை இருக்கிற வீட்டில இதை மாட்டிட்டுப் போயிருக்கானே” என்று மட்டும் சொன்னார். அந்த நீலக் கறை இன்னும் சுவரில் இருக்கிறது.

கேஸ் வெளியேறும்வரை காத்திருந்து, ஏஜென்சி கொடுத்த ரெகுலேட்டரை மாட்டினார். திரும்பவும் நீலத் தண்ணீர். இந்தத் தடவை ஒரு பக்கம் மெல்ல இறங்கியது, மறு பக்கம் ஏறியது. இறங்கியது 16 சென்டிமீட்டர், ஏறியது 16 சென்டிமீட்டர். “ஒரு பக்கத்தை மட்டும் எண்ணக் கூடாது, ரெண்டையும் கூட்டணும், 32” என்றார். அப்புறம் கீசரை ஓட விட்டார். இரண்டும் கூடி 29க்கு இறங்கி அசையாமல் நின்றது. எரியாமல் இருக்கும்போது உள்ள அளவை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாதாம். எரியும்போது எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு. வீட்டு அடுப்பும் கீசரும் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை, மெக்கானிக்குகள் அதையே 30 மில்லிபார் என்பார்கள். சிலிண்டருக்குள்ளே இருக்கிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்று வைத்துக்கொண்டால்கூட அது 50 மீட்டர் தண்ணீருக்குச் சமம். அந்த வேகத்தை ஒரு முழத்துக்கும் குறைவான தண்ணீருக்கு அடக்கிக் கொடுப்பதுதான் அந்தச் சின்ன ரெகுலேட்டரின் வேலை.

அழுத்தம் கூடினால் கேஸ் கூடுதலாக வரும், ஆனால் பர்னர் இழுக்கிற காற்று அதற்கு ஈடு கொடுக்காது. ஊசியால் குடைந்து ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். தீ மஞ்சளாகும், கரி படியும், கீசருக்குள் இருக்கிற செம்புத் தகடுகளின் இடுக்கைக் கரி அடைக்கும், அடைத்ததும் புகை போக வழியில்லாமல் விஷம் இன்னும் கூடும். குடைந்த ஜெட்டுகளை அண்ணாச்சி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பித்தளைத் துளை வட்டமாக இல்லாமல் பிய்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் மாற்றினார். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

சரி, முதலில் கீசர் ஏன் அணைந்தது? அதுதான் மனசு ஆறவே இல்லை. கீசருக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கிறது. எங்கள் தொட்டியில் தாமிரபரணித் தண்ணீரோடு போர் தண்ணீரும் கலக்கிறது. அந்த உப்பும் மணலும் சல்லடையை அடைத்திருந்தது. தண்ணீர் போதிய வேகத்தில் வந்து தள்ளினால்தான் கீசர் கேஸைத் திறந்துவிடும், வேகம் குறைந்தால் தானாக மூடிக்கொள்ளும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீரின் வேகம் கூடும், கீசர் நிற்கும். அதனால்தான் அவர்கள் மோட்டாரைப் போடச் சொன்னார்கள். காரணம் தண்ணீர்ப் பக்கம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! அண்ணாச்சி பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சல்லடையைத் தேய்த்து மாட்டினார். கூலி 300 ரூபாயும், ஜெட்டுகளுக்கு ஆன காசும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

கீசர் அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் சல்லடையையும், பொறி அடிக்க வைக்கிற பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் அழுத்தம் என்று யாராவது சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். நீங்களே அளக்க இறங்க வேண்டாம், தெரிந்தவர் செய்யட்டும். ரெகுலேட்டரை ஏஜென்சி ஆள் தவிர யாரிடமும் கழற்றிக் கொடுக்காதீர்கள். கசிவு வாடை வந்தால் 1906 எந்நேரமும் எடுக்கும். ஏமாந்த பணத்துக்கு 1915 நுகர்வோர் எண்ணில் பதிந்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

போன வாரம் பின் தெருவில் தனியாக இருக்கிற ஆச்சி ஒருவர் எனக்குப் போன் போட்டார். “கீசருக்கு ரெண்டு பேர் வந்திருக்காவ, பிரஷர் கம்மின்னு சொல்லுதாவ, நீ சொன்னியே” என்றார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். அவர்களேதான். அளக்கிற டியூப் எங்கே என்று கேட்டேன். பைக்கில் இருக்கிறது என்று வெளியே போனவர்கள் திரும்பி வரவில்லை. வந்ததற்கென்று ஆச்சியிடம் 350 ரூபாயை அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள்.