வேலூருக்கு ஃபுட்பால் ஆடப் போகும் வெளியூர் டீமுக்கு: மைதானம், ரூம், சாப்பாடு எப்படி?

வேலூர் பக்கத்து கிளப் ஒன்று ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போகலாம். மரியாதையாக நடத்துவார்கள், ஆட்டமும் தரமாக இருக்கும். ஆனால் தரையும் வெயிலும் தெரியாமல் போகிற டீம் கடைசி இருபது நிமிடத்தில் கால் இழுத்துப் பிடித்து உட்கார்ந்துவிடும். இங்கே சொல்வது தேசிய லீக், சென்னை சீனியர் டிவிஷன் அளவுப் போட்டிகளைப் பற்றி அல்ல. எந்த லீக்கிலும் இல்லாமல், ஊர்ப் பெயரிலும் தெருப் பெயரிலும் சொந்தக் காசு போட்டு நடத்துகிற கிளப்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற நட்பு ஆட்டம், நாக்-அவுட் டோர்னமென்ட் பற்றித்தான்.

முதலில் எந்த மைதானம் என்று தெளிவாகக் கேட்டு, லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். காட்பாடியில் மாவட்ட விளையாட்டு மைதானம், நகருக்குள் நேதாஜி மைதானம், கல்லூரி மைதானங்கள், ஊராட்சிப் பொட்டல்கள் என்று பல இடத்தில் ஆட்டம் நடக்கும். ஆட்டோவில் ஏறி 'நேதாஜி' என்று மட்டும் சொன்னால் நேதாஜி மார்க்கெட்டில் இறக்கிவிடவும் வாய்ப்புண்டு. காட்பாடி பாலாற்றுக்கு வடகரை, வேலூர் தென்கரை. இடம் மாறிப் போய்விட்டால் பாலத்து நெரிசலில் அரைமணி நேரம் போய்விடும்.

மைதானத்துக்கு மதிப்பெண் கொடுப்பதென்றால் பாதிதான் கொடுக்க முடியும். பெரும்பாலும் செம்மண், நடுநடுவே சரளை. மழை பெய்து காய்ந்த பிறகு சிமெண்ட் தளம் போல இறுகிவிடும். கோலுக்கு முன்னால் இருக்கிற சின்னப் பெட்டியில் மட்டும் தினமும் ஷூட்டிங் பழகிப் பழகிப் பள்ளம் விழுந்திருக்கும். தாழ்வாக வருகிற பந்து அந்தப் பள்ளத்து விளிம்பில் பட்டுச் சட்டென்று கோல்கீப்பரின் தோள் உயரத்துக்கு எழும்பும். உள்ளூர் ஸ்ட்ரைக்கர்களுக்கு இது அத்துப்படி, தூரத்திலிருந்து வேண்டுமென்றே தரையோடு அடிப்பார்கள். அதனால் உங்கள் கீப்பர் வார்ம்-அப்பில் கையால் உருட்டிய பந்தைப் பிடித்துக்கொண்டிருக்காமல், இரண்டு கோலிலும் பத்துப் பத்து தரை ஷாட் வாங்கிப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு அரைமணி முன்பு பதினோரு பேரும் வரிசையாக ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை நடந்து கல், கண்ணாடித் துண்டு பொறுக்குவதும் அவசியம். ஹோம் டீம் தப்பாக எடுத்துக்கொள்ளாது, கூட வந்து பொறுக்குவார்கள்.

கோடு சுண்ணாம்புப் பொடியில்தான் போடுவார்கள். தண்ணீரில் கரைத்துப் போட்டால் நிற்கும், உலர்ந்த பொடியாகத் தூவினால் செகண்ட் ஆஃபில் காற்றிலும் காலிலும் பாதி போய்விடும். அப்போதுதான் 'பெட்டிக்குள்ளே, வெளியே' என்ற சண்டை ஆரம்பிக்கும். பெனால்டி பெட்டி ஒவ்வொன்றின் முன்கோடு எங்கே வருகிறது என்பதைக் காட்ட, இரண்டு பக்க நீளக்கோட்டுக்கும் (டச்லைன்) வெளியே ஒவ்வொரு கோன் வைத்துவிட்டால் ரெஃப்ரிக்கு நேராகப் பார்த்துச் சொல்ல முடியும். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் கசக்கவே கூடாது, கால்மணி நேரம் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். நெட்டைப் பிடிக்கிற கொக்கி பாதி இருக்காது. ஒரு பாக்கெட் கேபிள் டையும் ஐந்து மீட்டர் நைலான் கயிறும் கிட் பையில் இருக்கட்டும்.

பூட்ஸ் விஷயத்தில் சமரசமே வேண்டாம். அடியில் ஆறு உலோக முள் (ஸ்டட்) வைத்த பூட்ஸ் ஈரப் புல்தரைக்கானது. இந்தத் தரையில் ஸ்டட் இறங்காது, உடல் எடை முழுவதும் அந்த ஆறு புள்ளியில் நிற்கும். இடைவேளைக்குள் குதிகால் வலிக்கும், திரும்பும்போது சரளையில் வழுக்கும். குட்டைக் குட்டையாக நிறைய ரப்பர் முள் வைத்த டர்ஃப் ஷூ, இல்லையென்றால் அடிப்பாகத்தோடு சேர்த்தே வார்த்த மோல்டட் ஸ்டட் சரி. தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கிற ஸ்லைடிங் டேக்கிளை மறந்துவிடுங்கள். தொடை முழுக்கச் சிராய்த்துக்கொண்டால் காயத்தில் மண்ணும் சரளையும் ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீரில் அதைக் கழுவி எடுக்காமல் மேலே மருந்து பூசினால் சீழ் பிடிக்கும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வது நல்லது.

பந்து பெரும்பாலும் நிவியா ஸ்டார்ம். புல் இல்லாத கட்டாந்தரைக்கென்றே வருகிற ரப்பர் மேல்தோல் பந்து இது. கனமாகத் தெரியும், ஆனால் இங்கே சீக்கிரம் உரியாது. பளபளப்பான மேட்ச் பால் கொண்டுபோனால் ஓரிரு ஆட்டத்தில் தோல் போய்விடும். விதிப்படி காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (பம்ப் மீட்டரில் காட்டும் அழுத்த அளவு) வரை இருக்கலாம், இங்கே 9-க்கு மேல் போகாமல் அடிப்பது நல்லது. காலை 24 டிகிரியில் 9 அடித்த பந்து, 40 டிகிரி வெயிலில் கிடந்தாலே 10-ஐத் தாண்டும். இறுகிய தரையில் அது தலைக்கு மேல் துள்ளிக்கொண்டே போகும். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெயில்தான் பெரிய விஷயம். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து ஆற்றிவிடும். கடலிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உள்ளே, பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிற வேலூருக்கு அந்தக் காற்று வந்து சேர்வதற்குள் நேரமும் ஆகிவிடும், குளிர்ச்சியும் போய்விடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அந்த மாதங்களில் காலை 6.30 ஆட்டம், இல்லையென்றால் மாலை 4.30. பகல் பதினோரு மணி ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 45 நிமிடம் இரண்டு பாதி, 15 நிமிட இடைவேளை, தண்ணீர் இடைவெளி எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஜூன், ஜூலையில் 6.40 வரை வெளிச்சம் இருப்பதால் 4.30 சரிப்படும். நவம்பர், டிசம்பரில் 5.45-க்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், லைட் இல்லாத மைதானத்தில் 3.45-க்குள் ஆரம்பித்தே ஆக வேண்டும்.

பதினெட்டுப் பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று வேண்டும், குடிக்கவும் தலையில் ஊற்றவும் காயம் கழுவவும். ஹோம் டீம் ஒரு கேன் வைத்திருக்கும், அதை நம்பிப் போகக் கூடாது. பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று அரை லிட்டரில் கலக்கினால் வயிறு கெடும். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிட கூலிங் பிரேக்கை டாஸுக்கு முன்பே ரெஃப்ரியிடம் பேசி வையுங்கள். ஒருவர் பேச்சு குழறினாலோ, எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாமல் நின்றாலோ அது வெறும் களைப்பு இல்லை, வெப்ப பாதிப்பு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நகருக்குள் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை), தெற்கே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்தில் இருப்பது இந்த ஊருக்கு வருகிற டீமுக்கு நிஜமான ஆறுதல்.

மாலை ஆட்டத்தில் டாஸ் ஜெயித்தால் பந்தைக் கேட்காமல் பக்கத்தைக் கேளுங்கள். மைதானம் கிழக்கு மேற்காக இருந்தால், முதல் பாதியில் உங்கள் கீப்பர் மேற்கே பார்த்து நிற்கட்டும். செகண்ட் ஆஃபில் சூரியன் இன்னும் தாழ்ந்து கண்ணுக்கு நேராக வரும்போது அந்தத் தொல்லை எதிர் கீப்பருக்குப் போய்விடும். ஒரு தொப்பி கூடவே இருக்கட்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஒரு பாதி எத்தனை நிமிடம் (பல டோர்னமென்ட்டில் 30 அல்லது 35 தான்), ரோலிங் சப் (வெளியே போனவர் திரும்ப இறங்குவது) உண்டா, டிரா ஆனால் நேரே டை-பிரேக்கரா (பெனால்டி ஷூட்-அவுட்), லேட்டாக வந்தால் எத்தனை நிமிடத்தில் வாக்-ஓவர் (ஆடாமலே எதிர் டீமுக்கு வெற்றி), ரெஃப்ரி ஃபீஸ் யார் தருவது, கெஸ்ட் பிளேயர் (வேறு கிளப்பிலிருந்து கூட்டி வருகிறவர்) எத்தனை பேர். கடைசிக் கேள்வியில்தான் அதிகம் தகராறு வரும். பிளேயர் லிஸ்ட்டும் ஆதார் நகலும் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஜெர்சி நிறம் கேட்டாலும் ஜெர்சிக்கு மேல் போடுகிற பிப் ஒரு செட் எடுத்துப் போங்கள்.

உடை மாற்ற அறை, கழிப்பறை இரண்டும் பலவீனம். வேனுக்குப் பின்னால் மாற்றிக்கொள்ளும் நிலைதான் பல இடத்தில். வந்த டீமுக்கு டிபனும் டீயும் தர எவ்வளவோ மெனக்கெடுகிறவர்கள், ஒரு தார்ப்பாயும் நான்கு கம்பும் நட்டு மறைப்பு கட்டித் தரலாம். பெண்கள் டீம் வருவதானால் இதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் கிளம்பக் கூடாது.

சென்னையிலிருந்து காட்பாடி ஜங்ஷன் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் மாலை ஆட்டத்துக்குத்தான் உதவும். காலை 6.30 ஆட்டம் என்றால் முந்தின நாள் மாலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து தங்கிவிட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வர, காட்பாடி - பாகாயம் டவுன் பஸ் 1, 2 போதும்.

ரூமுக்கு எல்லோரும் காந்தி ரோடு, சி.எம்.சி. சுற்றுவட்டாரத்துக்குத்தான் போவார்கள். வாடகை மலிவுதான், ஆனால் அந்த லாட்ஜ்கள் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களால் நிறைந்திருக்கும். பக்கத்து அறையில் ஆபரேஷன் முடிந்தவர் படுத்திருப்பார். ஜெயித்த கூச்சலோடு பதினெட்டுப் பேர் ஏறிப்போகிற இடம் அது இல்லை. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் எடுங்கள், சத்தத்துக்கும் சங்கடமில்லை, வேன் நிறுத்தவும் இடமிருக்கும். பூட்ஸை பாத்ரூமில் கழுவாதீர்கள், செம்மண் அடைத்துக்கொள்ளும்.

காலை ஆட்டத்துக்கு முன்னால் வாழைப்பழமும் இரண்டு இட்லியும் போதும். மாலை ஆட்டமென்றால் மூன்று மணி நேரம் முன்பே தயிர்சாதம். பிரியாணி ஆட்டம் முடிந்த பிறகுதான். சீரகச் சம்பா அரிசியில் செய்த ஆம்பூர் பாணி பிரியாணி ஊர் முழுக்கக் கிடைக்கும். கூட வருகிற கத்தரிக்காய்த் தொக்கைக் கேட்டு வாங்குங்கள். இலவம்பாடி முள்ளு கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், அதில் செய்த தொக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆற்காடு வழியாக வேனில் திரும்புகிறவர்கள் மக்கன் பேடா வாங்க அங்கே ஐந்து நிமிடம் நிறுத்தலாம். ரயிலில் திரும்புகிறவர்கள் மட்டும் முன்பதிவு செய்துவிட வேண்டும், ஞாயிறு மாலை காட்பாடியில் அன்ரிசர்வ்ட் பெட்டியில் கிட் பையோடு ஏறுவது நடக்காத காரியம்.