பிளாக்செர்ட்ஸ்: சரிபார்க்கும் மேசையிலிருந்து

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடந்த எனக்கு, பிளாக்செர்ட்ஸ் என்ற டிஜிட்டல் முறையில் வரும் சான்றிதழ்கள் பெரிய நிம்மதி. சான்றிதழின் இணைப்பைச் சரிபார்க்கும் பக்கத்தில் ஒட்டினால் சில நொடிகளில் முடிவு வந்துவிடுகிறது.

எம்ஐடி மீடியா லேபும் லேர்னிங் மெஷின் நிறுவனமும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட திறந்த தரநிலை இது. பலரும் நினைப்பதுபோல் சான்றிதழே பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேட்டில், ஏறுவதில்லை. அதன் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) மற்றச் சான்றிதழ்களின் ஹாஷ்களோடு படிப்படியாகச் சேர்த்து மெர்க்கல் மரமாகக் கோத்து, கடைசியில் மிஞ்சும் ஒரே ஹாஷான வேரை மட்டும் ஒரே பரிவர்த்தனையில் பிளாக்செயினில் பதிகிறார்கள். மதிப்பெண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் ஹாஷ் மாறிவிடும், குட்டு உடைந்துவிடும். மாணவர் பெயர் பொதுவெளிக்குப் போகாதது எனக்கு இன்னும் பிடித்தது.

சரி, குறை? வழங்கியவர் விவரமும், ரத்தான சான்றிதழ்களின் பட்டியலும் பெரும்பாலும் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தின் இணையதளத்தில்தான் இருக்கும். தளம் படுத்தால் சரிபார்ப்பும் தடுமாறும். அப்புறம், போலிப் பல்கலைக்கழகம் முறைப்படி வழங்கினால் அதற்கும் பச்சை டிக் விழும்! வழங்கியது யார் என்று நாம்தான் பார்க்க வேண்டும். சிலர் இந்தச் சான்றிதழையும் அச்சிட்டு, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். அதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. மூலக் கோப்போ இணைப்போ வேண்டும் என்று படிவத்திலேயே எழுதிவிட்டேன்.