ஸ்பான் போர்ட்டா, டேப்பா: பாக்கெட்டை எங்கே நின்று பிடிப்பது?

நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னதும் நம் கை முதலில் போவது ஸ்விட்ச்சின் மிரர் கட்டளைக்குத்தான். சிஸ்கோ இதை ஸ்பான் என்கிறது, மற்றவர்கள் போர்ட் மிரரிங் என்கிறார்கள், வேலை ஒன்றுதான்: ஒரு போர்ட்டில் போய் வரும் பாக்கெட்டுகளுக்கு (டேட்டா பயணிக்கும் சிறு துண்டுகள்) ஸ்விட்ச்சே நகல் எடுத்து இன்னொரு போர்ட்டில் தள்ளும், அங்கே லேப்டாப்பைச் செருகி, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தால் ஆயிற்று. டேப் என்பது கேபிளின் நடுவில் உட்கார்ந்து அதே நகலைத் தருகிற தனிப் பெட்டி. இரண்டும் ஒன்றுதானே என்று பல வருடம் ஸ்பானிலேயே ஓட்டினேன். ஒன்றில்லை.

ஸ்பானின் பலம் அவசரத்துக்கு உதவுவது. லிங்க்கைத் தொட வேண்டாம், யாரிடமும் டவுன்டைம் கேட்க வேண்டாம், சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சில் மானிட்டர் செஷன் என்று இரண்டு வரி, ஒன்றில் சோர்ஸ் (நாம் பார்க்கும் போர்ட்), ஒன்றில் டெஸ்டினேஷன் (நகல் வரும் போர்ட்), முடிந்தது. பிரின்டருக்கு ஏன் ஐபி வரவில்லை, எந்த மெஷின் விடாமல் டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி தேடும் கேள்வி) கேட்டுக்கொண்டே இருக்கிறது, இந்த மாதிரிக் கேள்விகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. டெஸ்டினேஷன் போர்ட் ‘டவுன், மானிட்டரிங்’ என்று காட்டும், பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. 1 ஜிகாபிட் போர்ட் என்றால் போகிற பக்கம் 1, வருகிற பக்கம் 1, ஆக மொத்தம் 2 ஜிகாபிட் வரை ஓடலாம். மிரர் போர்ட் வெளியே அனுப்ப முடிந்தது 1 ஜிகாபிட் மட்டுமே. மிச்சத்தை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். கிராஃபில் 300 மெகாபிட்தானே ஓடுகிறது என்று கேட்பார்கள். அது ஐந்து நிமிட சராசரி. பேக்கப் ஒன்று கிளம்பும்போது சில மில்லிசெகண்டுக்கு லைன் முழுசாக நிரம்பும், டிராப் ஆவது அந்த நேரத்தில்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் அலுவலகத்தில் பில்லிங் திரை நாலு நாலு செகண்ட் நிற்கிறது என்று புகார். நான் ஆறு போர்ட்டை ஒரே மிரரில் சேர்த்து அரை மணி நேரம் பிடித்தேன். திறந்து பார்த்தால் வயர்ஷார்க் முழுக்கக் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, ‘ஏசிகேடு அன்சீன் செக்மென்ட்’ என்று வரிவரியாக. பாக்கெட் லாஸ் என்று முடிவுகட்டி, லைன் கொடுத்தவர்களிடம் இரண்டு நாள் வாதாடினேன். அந்த வரியை நிதானமாகப் படித்திருந்தால் போதும்: கிடைத்தது என்று எதிர்முனை ஒப்புக்கொண்டிருக்கிறது, ரீட்ரான்ஸ்மிஷன் (மறுபடி அனுப்புவது) இல்லை, என் ஃபைலில் மட்டும் அந்தப் பாக்கெட் இல்லை. தொலைந்தது நெட்வொர்க்கில் இல்லை, என் மிரரில். டெஸ்டினேஷன் போர்ட்டின் அவுட்புட் டிராப் எண் ஏறிக்கொண்டே இருந்தது. பாக்கெட் பிடிக்கும் கட்டளையான டிசிபிடம்ப் முடிவில் சொல்லும் டிராப் கணக்கில் இது வராது, ஏனென்றால் அந்தப் பாக்கெட் மெஷின் வரை வந்து சேரவே இல்லை. அப்புறம் சர்வர் போர்ட்டை மட்டும் வைத்துப் பிடித்தேன். கேள்வி போய்ச் சேர்ந்ததும் ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புதல்) உடனே வருகிறது, பதில் நாலு செகண்ட் கழித்து வருகிறது. டேட்டாபேஸ்தான் காரணம், லைன் இல்லை.

லாஸைப் பற்றியோ மில்லிசெகண்ட் தாமதத்தைப் பற்றியோ பேச வேண்டும் என்றால் டேப்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிஆர்சி பிழையுள்ள, அதாவது வழியில் சிதைந்துபோன, ஃபிரேமை ஸ்விட்ச் உள்ளேயே தூக்கி எறிந்துவிடும், ஸ்பானில் அது தெரியவே தெரியாது. பைபர் டேப் வெறும் கண்ணாடிப் பிரிப்பான், கரண்ட் வேண்டாம், வெளிச்சத்தை அப்படியே பங்கு போடும். 50/50 என்றால் இரண்டு பக்கமும் வெளிச்சம் சுமார் 3 டிபி (டெசிபல்) குறையும். 70/30 என்றால் லிங்க் பக்கம் 1.5 சொச்சம், மானிட்டர் பக்கம் 5 சொச்சம். ஏற்கெனவே தடுமாறுகிற நீளமான பைபரில் இதைக் கணக்குப் பார்க்காமல் வைத்தால் லிங்க்கே எழாது. காப்பர் ஜிகாபிட்டில் நாலு ஜோடிக் கம்பியிலும் ஒரே நேரத்தில் இரண்டு திசையும் ஓடுவதால் உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் வேண்டும், கரண்ட் போனால் ரிலே மாறும்போது லிங்க் ஒரு தடவை விழுந்து எழும். அதனால் யூபிஎஸ் இல்லாத ரேக்கில் அதை வைக்காதீர்கள். இன்னொன்று, டேப் இரண்டு திசையையும் இரண்டு தனிப் போர்ட்டில் தரும், பிடிக்கிற மெஷினில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் அக்ரிகேஷன் டேப் விற்கிறார்கள். ஆனால் 1 ஜிகாபிட் வாயில் 2 ஜிகாபிட் என்ற பழைய கதை அங்கேயும் திரும்ப வருகிறது.

வேறு மாடியில் இருக்கும் ஸ்விட்ச்சைப் பார்க்க ஆர்ஸ்பான் இருக்கிறது. நகலைத் தனி வீலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) போட்டு, ஸ்விட்ச்சுகளை இணைக்கும் டிரங்க் வழியாகக் கொண்டு வரும், அந்த டிரங்க்கின் இடத்தை மற்ற டிராஃபிக்கோடு பங்கு போட்டுக்கொண்டு. எனக்கு இது பிடிக்காது, வேலை முடிந்ததும் அணைக்க மறந்தால் அப்லிங்க் திணறும். ஊர் தாண்டிப் போக ஈஆர்ஸ்பான், நகலை ஜிஆர்இ என்ற உறைக்குள் போட்டு ஐபியில் அனுப்புகிறது. உறைக்கு மட்டும் சுமார் 50 பைட் கூடும், வழியில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 என்றால் பெரிய பாக்கெட்டுகள் அடிபடும்.

யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று மட்டும் தெரிய வேண்டுமா? பாக்கெட்டே பிடிக்காதீர்கள். டிராஃபிக்கின் சுருக்கக் கணக்கை ஸ்விட்ச்சே அனுப்பும் நெட்ஃப்ளோவோ எஸ்ஃப்ளோவோ போதும், மாதக்கணக்கில் சேர்த்து வைக்கலாம். உள்ளே என்ன பேசினார்கள் என்பது மட்டும் கிடைக்காது.

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஃபயர்வாலுக்கும் கோர் ஸ்விட்ச்சுக்கும் நடுவே நிரந்தரமாக ஒரு பைபர் டேப், பராமரிப்பு நேரத்தில் ஒரே ஒரு முறை லிங்க்கைக் கழற்றிப் போட்டது. மற்ற எல்லா இடத்திலும் ஸ்பான்தான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சோர்ஸ் போர்ட் மட்டும். வீலேன் முழுவதையும் இரண்டு திசையிலும் மிரர் செய்தால் ஒரே பாக்கெட் இரண்டு தடவை வரும், அதைக் கழிக்கவே, பிடித்த ஃபைலைத் திருத்தும் எடிட்கேப் கருவியோடு அரை நாள் போகும். பாக்கெட் எந்த வீலேனைச் சேர்ந்தது என்று சொல்லும் டேக்கைப் பார்க்க வேண்டுமென்றால் டெஸ்டினேஷன் வரியில் ‘என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட்’ சேர்க்கிறேன், இல்லாவிட்டால் டேக் இல்லாமல்தான் வரும். தொடங்கும் முன் மிரர் போர்ட்டின் கவுன்டரை அழிக்கிறேன், முடிந்ததும் அவுட்புட் டிராப் எவ்வளவு என்று பார்த்து அந்த எண்ணை ஃபைல் பெயரிலேயே எழுதி வைக்கிறேன். பூஜ்யம் இல்லாத ஃபைலை வைத்து லாஸ் பற்றி யாரிடமும் பேசப் போவதில்லை.